உப்பைக் கழுவத்தான் நீர்த்தடை: ஓட்டத்துக்கான சிறு பாட்டுக் கருவியும் ஐபி எண்ணும்

ஓடும்போது பாட்டுக் கேட்பதற்கென்று, சட்டைக் காலரில் மாட்டிக்கொள்ளும் அளவுள்ள ஒரு சிறு கருவியைத் தேடி நாகர்கோவில் கடைகளில் விசாரித்தாலும், இணையக் கடைகளில் துழாவினாலும், "வாட்டர் ப்ரூஃப், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது" என்ற உறுதிமொழி எளிதில் கிடைத்துவிடுகிறது. அதற்குச் சான்றாக அட்டைப்பெட்டியின் மூலையில் ஐபிஎக்ஸ்4, ஐபிஎக்ஸ்7, ஐபி68 என்று ஏதாவதொரு குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். எண் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும் என்றும், 7 என்று போட்டிருந்தால் வியர்வை, மழை, கடல் ஆகிய மூன்றுக்கும் சேர்த்துக் காப்பு கிடைத்துவிட்டது என்றும் விற்பவரும் வாங்குபவரும் ஒருசேர நம்புகிறார்கள். அந்த எண் உண்மையில் சொல்வது வேறு.

கைபேசி இருக்கத் தனிக் கருவி எதற்கு என்ற கேள்விக்கு எடை என்பதே போதுமான பதில். இன்றைய கைபேசிகள் பெரும்பாலும் 200 கிராமை ஒட்டியிருக்க, இத்தகைய கருவிகள் 30 கிராம் அளவிலேயே கிடைக்கின்றன. சேமிப்பிடத்தைப் பொறுத்தவரை 4 ஜிபி இருந்தாலே நூற்றுக்கணக்கான பாடல்கள் அடங்கிவிடும். ஒலித்தரத்தின் நுணுக்கங்களோ, எதிர்க்காற்றும் மூச்சிரைப்பும் சேர்ந்த ஓட்டத்தில் யாருக்கும் கேட்கப்போவதில்லை. ஆனித் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி வடகிழக்குப் பருவமழையும் தவறாமல் வந்துபோகும் குமரி மாவட்டத்தில், இந்தக் கருவிகளின் ஆயுளைத் தீர்மானிப்பது ஈரம்தான் என்பதால், இக்கட்டுரை ஈரத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

## குறியீடு எங்கிருந்து வந்தது

ஐபி எண் என்பது, ஒரு மின்கருவியின் உறை தனக்குள் திடப்பொருளும் நீரும் நுழைவதை எந்த அளவுக்குத் தடுக்கிறது என்பதைக் குறிக்கும் குறியீடு. ஜெனீவாவிலுள்ள பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் வகுத்த ஐ.இ.சி. 60529 என்ற தரநிலையில் இது விளக்கப்பட்டுள்ளது. அதன் முதற்பதிப்பு 1976இல் வெளிவந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் அதையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 72.5 கிலோவோல்ட் வரையிலான மின்சாதனங்களின் உறைகளுக்காக எழுதப்பட்ட தரநிலை இது. மோட்டாரும் மின்பெட்டியும் தெருவிளக்கும் இதன் இயல்பான வாடிக்கையாளர்கள். காதில் மாட்டும் கருவிகள் பிற்பாடு வந்து சேர்ந்துகொண்டவை. ஆகவே மனித உடம்பில் ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் குலுங்கும் பொருளின் நிலைமையை இந்தத் தரநிலையில் தேடுவது வீண்.

ஐபி என்ற எழுத்துகளை அடுத்து இரண்டு இடங்கள் உண்டு. முதலிடம் தூசி, மணல் போன்ற திடப்பொருளுக்கானது. அது 0 முதல் 6 வரை செல்லும். இரண்டாமிடம் நீருக்கானது, அது 0 முதல் 9 வரை செல்லும். எந்த இடத்துக்கான அளவு குறிப்பிடப்படவில்லையோ அந்த இடத்தில் எக்ஸ் என்று போடுவார்கள். ஆக, ஐபிஎக்ஸ்7 என்றால் தூசியைப் பற்றி இக்குறியீடு எதுவும் சொல்லவில்லை என்றுதான் பொருள்.

## ஓட்டு வீடும் மூன்று விதத் தண்ணீரும்

கல்குளம், விளவங்கோடு பக்கங்களில் இன்னமும் காணக்கிடைக்கும் ஓட்டு வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒன்றன்மேல் ஒன்று படிய அடுக்கிய ஓடுகள், மழை நேர்செங்குத்தாக விழும்வரை எத்தனை பெருமழையையும் தாங்கும். அதே வீட்டில், தென்மேற்குக் காற்று சாரலைப் பக்கவாட்டில் வீசி அடிக்கும்போது, மழையின் அளவு குறைவாக இருந்தாலும் சன்னல் இடுக்கிலும் ஓட்டின் அடிப்புறத்திலும் நீர் புகுந்துவிடும். குளம் உடைத்துக்கொண்டு முற்றத்தில் வெள்ளம் நின்றாலோ கூரையின் தரத்துக்கு வேலையே இல்லை. திண்ணையின் உயரமும் கதவிடுக்கும்தான் அங்கே கணக்கு. உயரமான திண்ணை கட்டிய வீட்டில் வெள்ளம் ஏறாது என்பதை வைத்துக்கொண்டு, அதன் கூரை ஒழுகாது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஐபி எண்ணின் இரண்டாமிடத்தில் வரும் அளவுகளும் இப்படித்தான். மேலிருந்து சொட்டும் நீர், பக்கத்திலிருந்து தாக்கும் நீர், சுற்றிலும் சூழ்ந்து நிற்கும் நீர் என மூன்று வெவ்வேறு சூழல்களுக்கான சோதனைகள் ஒரே எண்வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதால், அவை ஒரே ஏணியின் படிகள் போலத் தோற்றமளிக்கின்றன.

## எண்கள் சொல்லும் சோதனைகள்

ஐபிஎக்ஸ்1 சோதனையில், கருவியின்மேல் நிமிடத்துக்கு 1 மில்லிமீட்டர் வீதம் 10 நிமிடம் நீர் நேராகச் சொட்டவிடப்படுகிறது. மழைமானிக் கணக்கில் இது மணிக்கு 60 மில்லிமீட்டர், அதாவது கனமழை. இவ்வளவு நீரைத் தாங்கியும் மிகக் கீழான எண்ணே கிடைக்கிறது என்பதிலிருந்து, தண்ணீரின் அளவைவிட அது வரும் திசையும் வேகமும்தான் முக்கியம் என்பது விளங்கும். ஐபிஎக்ஸ்2இல் கருவியைச் சற்றுச் சாய்த்து வைக்கிறார்கள். ஐபிஎக்ஸ்3இல் நீரைச் சாய்வாகத் தெளிக்கிறார்கள். ஐபிஎக்ஸ்4இல் எல்லாத் திசைகளிலிருந்தும் நீர் தெறிக்கிறது. ஓட்டத்துக்கென்று விற்கப்படும் கருவிகளில் நாம் அடிக்கடி காணும் தொடக்க நிலை இந்த 4தான்.

ஐபிஎக்ஸ்5இல் சோதனையின் தன்மையே மாறுகிறது. 6.3 மில்லிமீட்டர் துளையுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் நீர் பீய்ச்சி அடிக்கப்படுகிறது. ஐபிஎக்ஸ்6இல் துளை 12.5 மில்லிமீட்டர், நீர் நிமிடத்துக்கு 100 லிட்டர். ஐபிஎக்ஸ்7இல் பீய்ச்சுதல் கிடையாது. 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கருவி அசையாமல் மூழ்கிக் கிடக்கிறது. ஐபிஎக்ஸ்8 அதைவிடக் கடுமையான மூழ்கல். ஆனால் எத்தனை ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே அறிவிக்க வேண்டும். ஆகையால் 8 என்ற எண்ணைப் பார்த்ததும், பக்கத்தில் ஆழமும் நேரமும் எழுதியிருக்கிறதா என்று தேட வேண்டும். ஐபிஎக்ஸ்9 என்பது 80 பாகை செல்சியஸ் வெந்நீரை உயரழுத்தத்தில் அடிக்கும் தொழிற்சாலைச் சோதனை. நமக்கு அது வேண்டாம்.

இப்போது ஒரு சிறு கணக்கு. 1 மீட்டர் ஆழத்தில் தேங்கிய நீர் தரும் கூடுதல் அழுத்தம் ஏறத்தாழ 10 கிலோபாஸ்கல். ஐபிஎக்ஸ்5 சோதனைக் குழாயிலிருந்து நீர் நொடிக்கு 6.7 மீட்டர் வேகத்தில் வெளிப்படுகிறது; அந்த வேகத்தில் வரும் நீர் ஒரு பரப்பில் மோதி நிற்கையில் உண்டாகும் அழுத்தம் சுமார் 22 கிலோபாஸ்கல். அதாவது, 5இன் தாக்குதல் 7இன் தாக்குதலைவிட இருமடங்குக்கு மேல் வலியது. 7 தன் பங்குக்கு நேரத்தால் வெல்கிறது. இதனால்தான் 6 வரையிலான எண்ணைப் பெற்ற கருவி அதற்குக் கீழுள்ள எண்களின் சோதனைகளையும் நிறைவு செய்ததாகக் கொள்ளப்பட்டாலும், 7ஐயோ 8ஐயோ பெற்ற கருவி 5ஐயும் 6ஐயும் நிறைவு செய்ததாகத் தரநிலை கருதுவதில்லை. இரண்டையும் தாங்கும் கருவியானால் ஐபிஎக்ஸ்5/ஐபிஎக்ஸ்7 என்று இரண்டும் சேர்த்தே குறிக்கப்பட வேண்டும்.

இதுவரை பார்த்ததன் சாரம்: 6 வரை ஒரு வரிசை, 7உம் 8உம் இன்னொரு வரிசை. கிணற்றில் விழுந்து பிழைத்த கருவி குழாயடியில் சாக இடமுண்டு.

## முதலிடத்து எண்ணும் நம் ஊர் மணலும்

தூசியைக் குறிக்கும் முதலிடத்தில் 5 என்றால், கேடு விளைவிக்கும் அளவு தூசி நுழையாது. 6 என்றால் நுழையவே நுழையாது. பெரும்பாலான ஓட்டப் பாதைகளுக்கு இது பெரிய கவலையில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் முப்பந்தல் பக்கமோ, கடற்கரை மணலிலோ வழக்கமாக ஓடுகிறவர்கள் மட்டும் எக்ஸ் என்று விட்டுவிட்ட கருவியைத் தவிர்ப்பது நல்லது. மணவாளக்குறிச்சிக் கரையின் கறுப்பு மணலில் இல்மனைட் என்ற தாது இருக்கிறது. அங்குள்ள அருமண் ஆலையில் தாதுக்களைப் பிரிக்கக் காந்த முறையும் பயன்படுகிறது. வலுவான காந்தத்திடம் இல்மனைட் இழுபடும். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சார்ஜ் முனையுள்ள கருவியை அந்த மணலில் கழற்றி வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

## உள்ளே தண்ணீரைத் தடுப்பது எது

ஒரு சிறு பாட்டுக் கருவியில் நீர் நுழைய வாய்ப்புள்ள வாயில்கள் நான்கைந்துதான்: உறையின் இரு பாதிகள் சேரும் விளிம்பு, பொத்தான்கள், சார்ஜ் துளை, ஒலி வெளியேறும் துளை, இயர்போன் செருகும் துளை. விளிம்பில் பசையோ ரப்பர் வளையமோ இருக்கும். சார்ஜ் துளைக்கு ரப்பர் மூடி இருக்கும். ஒலித்துளையை மட்டும் அடைக்க முடியாது. ஒலி வெளியே வந்தாக வேண்டும். எனவே அங்கே மிக நுண்ணிய கண்களுள்ள வலையோ சவ்வோ ஒட்டப்படுகிறது.

அந்த வலையில் நீர் ஏன் நுழைவதில்லை என்பதற்குப் பரப்பு இழுவிசை காரணம். நீரின் மேற்பரப்பு, தன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதால், இழுத்துக் கட்டிய தோல்போல் நடந்துகொள்வதற்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். நீர் ஒட்டாத பூச்சுள்ள நுண்கண்ணில் அந்தத் தோல் அறுபடாமல் நிற்பதால், ஓரளவு அழுத்தம்வரை நீர் வெளியே தங்கிவிடுகிறது. காற்றும் ஒலியும் போய்வருகின்றன. சோப்பு நீர் பட்டால் இந்த இழுவிசை தளர்ந்துவிடும். சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று சோப்பு போட்டுக் கழுவுபவர்கள், தடுப்பைத் தாங்களே திறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. வெயிலில் ஓடி முடித்த கருவியின் உள்ளேயிருக்கும் காற்று சூடேறி விரிந்திருக்கும். அதை அப்படியே குளிர்ந்த நீரில் முக்கினால் உட்காற்று சுருங்கி, விளிம்பில் எங்கே மெல்லிய இடுக்கு இருந்தாலும் அதன் வழியே நீரை உள்ளிழுக்கும். ஆய்வகத்தில் கருவிக்கும் நீருக்கும் வெப்பநிலை வேறுபாடு 5 பாகைக்கு மேல் போகாதபடிதான் மூழ்கல் சோதனையை நடத்துகிறார்கள். மேலும் சோதிக்கப்படுவது புதுக் கருவி. ஈராண்டு பழகி, இரண்டு முறை தரையில் விழுந்து, ரப்பர் மூடி தளர்ந்த கருவிக்கு அந்த எண் பொருந்தாது.

சுருக்கமாக: ஐபி எண் ஒரு புதுக் கருவி, சூடேறாத நிலையில், சோப்போ உப்போ கலவாத நல்ல தண்ணீரை எதிர்கொண்டதன் பதிவு.

## வியர்வை தண்ணீர் அல்ல

வியர்வைக்கு ஐபி வரிசையில் இடமே கிடையாது. 'ஸ்வெட் ப்ரூஃப்' என்று பெட்டியில் எழுதியிருப்பது தயாரிப்பாளரின் வாக்கு. அந்த வாக்குக்கும் பக்கத்திலுள்ள ஐபி எண்ணுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. வியர்வை கருவியைக் கெடுக்கும் விதமே வேறு என்பதால், இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, அது உப்புக் கரைசல். ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ ஒன்றிலிருந்து ஐந்து கிராம் வரை உப்பு இருக்கும். கடல்நீரின் 35 கிராமோடு ஒப்பிட்டால் குறைவுதான் என்றாலும், ஓடுபவருக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை வியர்க்கிறது. கையில் கட்டிய கருவி அதில் இடைவிடாமல் நனைந்துகொண்டிருக்கிறது. கரைந்த நிலையில் மின்சாரத்தைக் கடத்தும் இத்தகைய பொருளை மின்பகுளி என்கிறோம். சார்ஜ் துளையிலுள்ள இரு உலோக முனைகளுக்கிடையே மின்பகுளி தேங்கி, அப்போது மின்னழுத்தமும் இருந்தால், நேர்முனையின் உலோகம் அணு அணுவாகக் கரையத் தொடங்கும். மேலே தங்கப் பூச்சு இருந்தாலும், அதன் ஊசிமுனை ஓட்டைகள் வழியே அடியிலுள்ள செம்பு கரைந்து களிம்பு பூக்கும். உலோகம் இவ்வாறு வேதிமாற்றத்தால் அழிவது அரிமானம் எனப்படும். ஓடிவிட்டு வந்ததும் துடைக்காமல் சார்ஜ் போடுகிற பழக்கம், இந்த அரிமானத்துக்குத் தேவையான உப்பு, நீர், மின்சாரம் மூன்றையும் ஓரிடத்தில் கூட்டி வைக்கிறது. கருவியை மழை கொன்றது என்று சொல்லப்படும் பல கதைகளில், உண்மையில் கொன்றது வீட்டுச் சுவரிலிருந்த சார்ஜர்தான்.

இரண்டாவது, வியர்வை உலர்ந்தாலும் உப்பு போவதில்லை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். இதை ஈரம் உறிஞ்சிக் கரைதல் என்பார்கள். மழைமாதத்தில் அடுக்களை உப்புப் பரணி நீர்விட்டு நிற்பது இதனால்தான். புத்தளம், சாமிதோப்பு உப்பளங்கள் இருக்கும் நம் கடலோரத்தில் விடிகாலைக் காற்று இந்த எல்லையைத் தாண்டுவது வழக்கமான செய்தி. ஆகவே உலர்ந்துவிட்டது என்று நாம் மேசையில் வைத்த கருவியின் துளைக்குள், இரவோடிரவாக மறுபடியும் மின்பகுளி உருவாகியிருக்கும். அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பதும் இதனால் பயன்படாது. அரிசி நீரை ஓரளவு இழுத்தாலும் உப்பைத் தொடுவதில்லை, தவிட்டுத் தூளை மட்டும் துளைக்குள் விட்டுச்செல்லும்.

மூன்றாவது, வியர்வை வழி தேடி வரும். கம்பி இயர்போன் பயன்படுத்துவோரின் காதோரம் வடியும் வியர்வை, கம்பி வழியே கீழிறங்கி நேராகச் செருகுதுளைக்குள் போய்ச் சேரும். பாட்டு தானாக நிற்பதும், ஒலி தானாகக் கூடிக் குறைவதும் பல நேரங்களில் இதனால்தான்; இயர்போன் கம்பியிலுள்ள பொத்தான்களுக்கான தொடுமுனைகளை வியர்வை இணைத்துவிடுகிறது. கருவியைத் துளை கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டி, கம்பி துளைக்குச் சற்றுக் கீழே தொங்கி மீண்டும் மேலேறும்படி ஒரு வளைவு விட்டால், வியர்வை அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். காசில்லாத இந்த ஏற்பாடு, ஐபி எண்ணில் ஒரு படி கூடுவதைவிட மேலானது என்பது என் கருத்து.

## பெரிய எண் எதற்கு உதவும்

வியர்வைக்கு ஐபி எண் காப்பில்லை என்றால் கூடுதல் பணம் கொடுத்துப் பெரிய எண் வாங்குவது வீணா? வீணில்லை, ஆனால் பயன் நாம் நினைக்கும் இடத்தில் இல்லை. உப்பை அகற்ற ஒரே வழி நல்ல தண்ணீரில் கழுவுவது. அப்படிக் கழுவ அனுமதி தருவதே ஓடுபவருக்கு இந்த எண்ணின் பெரிய பயன்.

ஐபிஎக்ஸ்4 கருவியைக் கழுவக் கூடாது. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தலாம். ஐபிஎக்ஸ்5 கருவியை, சூடு ஆறியபின், மூடி இறுக மூடியிருப்பதைப் பார்த்துக்கொண்டு, மெல்லத் திறந்த குழாயில் அலசலாம். ஐபிஎக்ஸ்7 மட்டும் உள்ள கருவியைக் குழாயடியில் பிடிக்காமல், ஒரு பாத்திர நீரில் முக்கி எடுக்க வேண்டும். இரண்டும் உள்ள கருவிக்கு இந்தக் கவலையே இல்லை. எப்படிக் கழுவினாலும், நன்றாக உலரும்வரை சார்ஜ் போடக் கூடாது.

இந்த வகையில் பார்த்தால், நாள்தோறும் அண்ணா விளையாட்டரங்கில் சில சுற்று ஓடுகிறவருக்கு 4 போதும், துடைக்கும் பழக்கம் இருந்தால். சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் கரைகளில் உப்புக்காற்றில் ஓடுகிறவர் 5க்குக் கீழே இறங்க வேண்டாம். கடலிலோ குளத்திலோ நீந்தவும் எண்ணமுள்ளவருக்குத்தான் 8 தேவைப்படுகிறது. அவர் பாடல்களைத் தன் நினைவகத்திலேயே வைத்திருக்கும் கருவியைத்தான் பார்க்க வேண்டும், ஏனெனில் ப்ளூடூத் அலை நீருக்குள் சில அங்குலங்களைக்கூட ஒழுங்காகக் கடப்பதில்லை. சோனியின் என்.டபிள்யூ-டபிள்யூ.எஸ்.413, ஷாக்ஸின் ஓப்பன்ஸ்விம் ஆகியவை இத்தகையவை; முன்னதைக் கடல்நீரிலும் பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளரே அறிவித்திருக்கிறார். மாறாக, பழைய பொருள் விற்பனையில் இன்னும் உலவும் ஆப்பிள் ஐபாட் ஷஃபிள், 2017இல் நிறுத்தப்பட்டது. மாட்டிக்கொள்ள வசதியான அந்தக் கருவிக்கு ஐபி எண்ணே கிடையாது.

## பெட்டியைத் திருப்பிப் பார்க்கும்போது

சார்ஜ் எப்படி ஏறுகிறது என்பதை எண்ணுக்கு முன்பே பார்க்க வேண்டும். திறந்த துளையைவிட மூடியுள்ள துளை நல்லது. மூடி தனியாகக் கழன்று வராமல் உறையோடு இணைந்திருந்தால் இன்னும் நல்லது. வெளியே தெரியும் தட்டையான தொடுமுனைகளில் உப்பு ஒளிந்துகொள்ள இடமில்லாததால், ஒவ்வொரு முறையும் துடைப்பவருக்கு அவையே மிக வசதி. துடைக்காதவருக்கு அவைதான் முதலில் போகும்.

தொடுபரப்புக் கட்டுப்பாட்டைவிட அமுக்கும் பொத்தான் மேல். தொடுபரப்பு நம் விரலின் மின்தேக்குத் திறனை உணர்ந்து இயங்குவது. வியர்வைத் துளியையும் அது விரலென்றே எடுத்துக்கொள்ளும். ஈரக் கையால் பாட்டை மாற்ற முடியாத கருவி எவ்வளவு நீரைத் தாங்கினால் என்ன?

கடைசியாக உத்தரவாத அட்டை. ஐபி எண் பெரிதாக அச்சிட்ட பல கருவிகளின் உத்தரவாதத்தில், திரவம் புகுந்து ஏற்படும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்ற வரி சிறிய எழுத்தில் இருக்கும். பில் போடும் முன்பே அந்த அட்டையை வாங்கிப் படித்து, வியர்வை அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறதா, விலக்கப்பட்டிருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம்.